பயிற்சித்தாளுக்கு ஒரு முகவரி: கற்றல் வளங்களைத் தேர்ச்சி மட்டத்தோடு குறிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் கற்பிக்கும் சில ஆசிரியர்கள் சேர்ந்து, நாங்கள் தயாரிக்கும் பயிற்சித்தாள், செயலட்டை, காணொளி, வினாத்தாள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வருகிறோம். சேர்ப்பது சுலபமாக இருந்தது. தேவையான நேரத்தில் தேவையானதை எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அதனால் ஒவ்வொரு வளத்திலும் தேர்ச்சி மட்டத்தை, அதாவது பாடத்திட்டத்தின் எந்தத் திறனுக்கு அது உரியது என்பதை, குறித்து வைக்கத் தொடங்கினோம். புதிதாக வந்து சேரும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கணிதத்திலிருந்து வரும், ஏனென்றால் நான் கற்பிப்பது அது.

மீதரவு, மெட்டாடேட்டா என்கிறீர்களே, அது என்ன?

ஒரு பொருளைப் பற்றிய விவரம். நூலகம் இணையத்தளத்தில் ஒரு பழைய சஞ்சிகையைத் திறந்து பார்த்திருப்பீர்கள். நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீடு, பக்கங்கள் என்று ஒரு சிறிய அட்டவணை இருக்கும். அதுதான் மீதரவு. சஞ்சிகையைப் படிக்காமலே அது உங்களுக்கு வேண்டியதா என்று அந்த அட்டவணை சொல்லிவிடும். பாடசாலை வளம் என்றால் அதோடு இன்னும் ஒன்று வேண்டும்: இதைச் செய்து முடித்தால் பிள்ளைக்கு என்ன கைவரும்? அந்த ஒரு வரியைப் பாடத்திட்டத்தோடு பொருத்தி எழுதுவதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

கோப்பில் 'பரப்பளவு' என்று தலைப்புப் போட்டால் போதாதா?

போதாது. பரப்பளவு தரம் 6இலும் வரும், 11இலும் வரும். தரம் 9இல் வட்டத்தின் பரப்பளவு, தரம் 11இல் கூம்பு, கோளத்தின் மேற்பரப்பளவு. எங்கள் தொகுப்பில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரமும் இல்லை, சில ஊர்களில் சிக்னலும் இல்லை.

தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்திலும் ஆசிரியர் வழிகாட்டியிலும் மூன்று படிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும்: தேர்ச்சி (பெரிய திறன்), தேர்ச்சி மட்டம் (அந்தத் தரத்தில் அதில் எட்ட வேண்டிய படி), கற்றற்பேறு (பிள்ளை செய்து காட்ட வேண்டிய சிறு சிறு விஷயங்கள்). கணிதத்தில் தேர்ச்சி இலக்கங்கள் தரத்துக்குத் தரம் மாறுவதில்லை. சுற்றளவு 7 என்றால் எல்லாத் தரத்திலும் 7, பரப்பளவு 8 என்றால் எல்லாத் தரத்திலும் 8. தரத்தையும் தேர்ச்சி மட்டத்தையும் சேர்த்து எழுதினால் போதும், குழப்பமில்லாத ஒரு முகவரி கிடைத்துவிடும். நாமாகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் வழிகாட்டியே அகராதி.

ஒரு பயிற்சித்தாளை எடுத்துச் செய்து காட்ட முடியுமா?

சரி, என்னுடையது ஒன்றையே எடுக்கிறேன். தரம் 7க்காகத் தயாரித்தது, ஒரே பக்கம். வட்டையில் (வயல்வெளியில்) ஒரு செவ்வக வயல், நீளம் 60 மீற்றர், அகலம் 40 மீற்றர். முதல் கேள்வி, வரம்பைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தால் எத்தனை மீற்றர்? 200. இரண்டாவது, வயலின் பரப்பளவு? 2400 சதுர மீற்றர். பிறகு வயலின் ஒரு மூலையில் 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலத்தில் ஒரு செவ்வகத்தைச் சூடடிக்கும் களத்துக்கு ஒதுக்குகிறார்கள். மீதி வயலின் பரப்பளவு என்ன, சுற்றளவு என்ன?

பரப்பளவு 2200 ஆகக் குறைகிறது. சுற்றளவு 200 ஆகவே இருக்கிறது. பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நிலம் குறைந்தால் வரம்பும் குறையத்தானே வேண்டும் என்று சண்டைக்கு வருவார்கள். கயிறு எடுத்து மேசையில் வைத்துக் காட்டினால்தான் அமைதியாவார்கள். இந்தத் தாளின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது.

இப்போது குறிப்போம். பாடம்: கணிதம். தரம்: 7. மொழி: தமிழ். வகை: பயிற்சித்தாள். நேரம்: ஒரு பாடவேளை. இவ்வளவும் யாரும் போடக்கூடியவை. தேர்ச்சி எது? முதலில் நான் 'பரப்பளவு' என்று 8ஐ மட்டும் போட்டு வைத்திருந்தேன். அது தவறு. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் பிள்ளை இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆகவே 7உம் வேண்டும், 8உம் வேண்டும். தரம் 7 வழிகாட்டியைத் திறந்து, அந்த இரண்டு தேர்ச்சிகளின் கீழும் கூட்டுத் தளவுருக்களை (ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் சேர்ந்த உருக்களை) பற்றிப் பேசும் தேர்ச்சி மட்டங்களைப் பார்த்து, அவற்றின் இலக்கங்களை எழுதினேன். வழிகாட்டியைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதாதீர்கள். பல வருட அனுபவமுள்ளவர்களுக்கும் இலக்கம் ஒன்று முன்பின் ஆகிவிடும்.

இலக்கம் எழுதியாகிவிட்டது. வேறு என்ன?

அந்தத் தேர்ச்சியோடு வளத்துக்கு என்ன உறவு என்பது. இதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

ஒரு வளம் ஒரு தேர்ச்சியைக் கற்பிக்கலாம், மதிப்பிடலாம், அல்லது அதை ஏற்கெனவே எதிர்பார்க்கலாம். என் வயல் தாளில் விளக்கம் ஒரு வரியும் இல்லை, கேள்விகள் மட்டுமே. அது எதையும் கற்பிக்கவில்லை, மதிப்பிடுகிறது. செவ்வகத்தின் பரப்பளவு தெரிந்த பிள்ளையைத்தான் அது எதிர்பார்க்கிறது. அந்த அறிவு முன்பே கைவந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்? படுவான்கரையில் ஒரு பாடசாலை, கணித ஆசிரியர் இல்லை, வேறு பாடத்துக்கு வந்தவர் கணிதத்தையும் பார்க்கிறார். தொகுப்பிலிருந்து இந்தத் தாளை எடுத்து முதல் பாடமாகவே கொடுத்துவிடுவார். பிள்ளைகள் திகைப்பார்கள். 'மதிப்பிடுகிறது' என்று ஒரு சொல் இருந்திருந்தால், கற்பிக்கும் வளத்தை முதலில் தேடியிருப்பார்.

'எதிர்பார்க்கிறது' என்ற குறி பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. தரம் 8இல் தடுமாறும் பிள்ளைக்கு எங்கே ஓட்டை என்று அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம்.

இது நீங்களாக உருவாக்கிய முறையா?

இல்லை. மூன்று உறவுகளும் எல்ஆர்எம்ஐ என்ற, கற்றல் வளங்களின் மீதரவுக்கான சர்வதேச முறையில் உள்ளவை. 2011இல் அமெரிக்காவின் கல்வி வெளியீட்டாளர் சங்கமும் திறந்த உரிமங்களை வழங்கும் கிரியேட்டிவ் கொமன்ஸும் சேர்ந்து அதைத் தொடங்கின. 2013இல் ஸ்கீமா டொட் ஓர்க் அதை ஏற்றுக்கொண்டது. கூகுள் போன்ற தேடுபொறிகள் இணையப் பக்கங்களைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தும் பொதுச் சொற்றொகுதிதான் ஸ்கீமா டொட் ஓர்க். 2014 முதல் டப்ளின் கோர் அமைப்பு எல்ஆர்எம்ஐ முறையைப் பராமரிக்கிறது. டப்ளின் கோர் என்ற பொது மீதரவு முறை அதற்கும் மூத்தது. 1995இல் ஒகாயோ மாநிலத்தின் டப்ளின் நகரில் நடந்த கூட்டத்தில் பிறந்து, தலைப்பு, ஆக்கியோர், மொழி, உரிமை என்று 15 அடிப்படைக் கூறுகளாக வளர்ந்தது.

எல்ஆர்எம்ஐ முறையில், பிள்ளை எட்ட வேண்டிய நியமம் ஒவ்வொன்றுக்கும் பெயர், குறியீடு, இணைய முகவரி எழுத இடமுண்டு. அமெரிக்காவில் 2010இல் வந்த கொமன் கோர் நியமங்களில் செவ்வகத்தின் பரப்பளவும் சுற்றளவும் '4.எம்டி.ஏ.3' என்ற குறியீட்டில் இருக்கும். நம் பாடத்திட்டம் கைக்கு வருவது பீடிஎப் ஆக. ஆகவே பாடம், பாடத்திட்ட ஆண்டு, தரம், தேர்ச்சி மட்டம் என்ற ஒழுங்கில் நாங்களே ஒரு குறியீடு எழுதுகிறோம். 'கணி-2016-07-8.1' போல. இணையத்தளம் நடத்துபவர்கள் இதையே பக்கத்துக்குள் தேடுபொறிக்கு விளங்கும் வடிவில் பதிந்துவிடலாம். ஆசிரியருக்கு அந்த வேலை தேவையில்லை. ஓர் எக்செல் தாளில் வரிசையாக நிரப்பினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுத் தளத்தில் '4ஆம் தரம்' என்று இருந்தால் இங்கே தரம் 4 என்று போட்டுவிடாதீர்கள். உள்ளடக்கத்தைப் பார்த்து நம் வழிகாட்டியில் எந்த மட்டத்தில் உட்காருகிறது என்று புதிதாகக் குறியுங்கள்.

தமிழ்நாட்டு வளங்களைச் சேர்க்கலாமா? சொற்கள் வேறாக இருக்கின்றனவே.

தாராளமாகச் சேர்க்கலாம், நல்ல காணொளிகள் நிறைய உண்டு. ஆனால் சொற்கள் உண்மையிலேயே வேறு. நமக்கு இரசாயனவியல், அவர்களுக்கு வேதியியல். நமக்குப் பௌதிகவியல், அவர்களுக்கு இயற்பியல். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. கலம் அங்கே செல். ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். முக்கோணி அங்கே முக்கோணம். தரம் அங்கே வகுப்பு. காத்தான்குடியில் ஒரு பிள்ளை 'ஒளித்தொகுப்பு' என்று தேடினால், 'ஒளிச்சேர்க்கை' என்று பெயரிட்ட அருமையான காணொளி கண்ணில் படவே படாது.

இதற்கு நாங்கள் இரண்டு காரியம் செய்கிறோம். முதன்மைச் சொல்லாக நம் பாடநூலில் உள்ளதை மட்டுமே போடுகிறோம். பக்கத்தில் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் வைத்து மற்றச் சொற்களை அதில் எழுதுகிறோம். தேடல் இரண்டையும் பார்க்கும். இரண்டாவது, அந்த வளத்தின் விவரத்தில் 'இதில் ஒளிச்சேர்க்கை என்ற சொல் வரும், பாடநூலில் ஒளித்தொகுப்பு' என்று ஒரு வரி. பிள்ளை பரீட்சையில் எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்ற குழப்பம் அந்த ஒரு வரியால் தீர்ந்துவிடும்.

தேர்ச்சி இலக்கம் இருந்தால் சொல்லே தெரியாவிட்டாலும் வளம் அகப்படும். இந்த வேலையில் நான் மிகவும் நம்புவது அதைத்தான்.

சிங்கள மொழி வளங்களும் தொகுப்பில் இருக்கின்றனவே. அவை எதற்கு?

பாடத்திட்டம் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே அமைப்பில்தான் வருகிறது. தேர்ச்சி இலக்கம் இரண்டிலும் ஒன்றே. அம்பாறை நகரில் ஒரு சிங்கள ஆசிரியை வரைந்த குருதிச் சுற்றோட்டப் படமோ கேத்திரகணித உருவோ, இலக்கத்தோடு இருந்தால், சம்மாந்துறையில் உள்ள தமிழ் மொழி ஆசிரியர் அதைக் கண்டெடுத்து எழுத்துகளை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம். ஒரே மாவட்டத்துக்குள் அடுத்தடுத்த ஊர்களில் ஒரே பாடத்துக்கு ஒரே படத்தை இருவர் இரண்டு முறை வரைந்துகொண்டிருப்பது எனக்கு எப்போதும் மனவருத்தம். இலக்கம் அந்த இரண்டு மேசைகளையும் இணைக்கிறது. மொழிக் கட்டத்தை மட்டும் மறக்காமல் நிரப்புங்கள்.

என் வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் தட்டச்சு செய்தவை. அப்படியே ஏற்றலாமா?

ஏற்றலாம், ஆனால் தேடலில் வராது. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் கோவை. ஆகக் குறைந்தது மீதரவுக் கட்டங்களையாவது யூனிகோட்டில் எழுதுங்கள். தாள் பாமினியில் இருந்தாலும் ஆளுக்கு அகப்படும்.

முழுத் தாளையும் மாற்ற விரும்பினால் இலவச மாற்றிகள் உண்டு. கணிதத் தாளென்றால் கவனம். பாமினியில் 'எக்ஸ்' எழுத்தின் இடத்தில் 'ஒ' இருக்கிறது, 'வை' எழுத்தின் இடத்தில் 'ல' இருக்கிறது. சமன்பாட்டை அப்படியே மாற்றிக்குள் போட்டால் அட்சரகணிதத்தின் நடுவில் 'ஒ'வும் 'ல'வும் வந்து நிற்கும். நான் ஒரு முறை சரிபார்க்காமல் பிரதி எடுத்து, வகுப்பில் கொடுத்த பிறகுதான் கண்டேன். பந்திகளை மட்டும் மாற்றுங்கள், சமன்பாடுகளைக் கையால் அடியுங்கள்.

பாடத்திட்ட ஆண்டை ஏன் கேட்கிறீர்கள்?

2007இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் வந்தது. 2015இல் தரம் 6, 10 தொடங்கி அது திருத்தப்பட்டது. ஒரே தரம், ஒரே பாடம், ஆனால் அலகுகள் இடம் மாறியிருக்கும். ஆண்டு எழுதாத ஒரு பழைய தாளைப் புதியது என்று நம்பி, ஒரு சனிக்கிழமை மேலதிக வகுப்பு முழுவதையும் அதில் செலவழித்தேன். பிள்ளைகள் படகிலும் பஸ்ஸிலும் வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டு இல்லாத எதையும் தொகுப்பில் சேர்ப்பதில்லை. பாடத்திட்டம் அடுத்த முறை மாறும்போது பழைய குறிகளை அழிக்க வேண்டாம். புதிய ஆண்டோடு இன்னொரு வரி சேர்த்தால் போதும்.

ஒரு வளத்துக்கு எத்தனை தேர்ச்சி மட்டம் போடலாம்?

ஒன்று அல்லது இரண்டு. மூன்று போட்டால் ஏன் என்று கேட்பேன். 'நிறையப் போட்டால் நிறையப் பேருக்குக் கிடைக்கும்' என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் தேடுபவருக்கு அது வெறும் இரைச்சல். மனதில் ஒரு சோதனை வையுங்கள்: இந்தத் தாளை நன்றாகச் செய்த பிள்ளை அந்தத் தேர்ச்சி மட்டத்தை அடைந்துவிட்டது என்று பெற்றோரிடம் நேராகச் சொல்வீர்களா? சொல்லத் தயங்கினால் அந்த இலக்கத்தை எடுத்துவிடுங்கள்.

கடந்தகால வினாத்தாளுக்கு?

முழுத் தாளாகக் குறிப்பதில் பயனில்லை, அதில் எல்லாத் தேர்ச்சியும் இருக்கும். கேள்வி கேள்வியாகக் குறிக்க வேண்டும். சாதாரண தரக் கணிதம் பகுதி I இல் அ பகுதியின் 25 சிறு கேள்விகளோடு தொடங்குங்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே தேர்ச்சிக்குள் அடங்கும், ஒரு மாலையில் முடித்துவிடலாம். பகுதி II இல் உள்ள நீண்ட கேள்விகளை உபபிரிவாக உடைத்துக் குறிக்க வேண்டியிருக்கும். நான்கு ஐந்து வருடத் தாள்களை இப்படிக் குறித்துவிட்டால், நிகழ்தகவில் மட்டும் பலவீனமான பிள்ளைக்கு நிகழ்தகவுக் கேள்விகளை மட்டும் திரட்டிக் கொடுக்கலாம்.

வினாத்தாள் பரீட்சைத் திணைக்களத்துக்குரியது. நம் உரிமத்தை அதன் மேல் போட முடியாது. நாம் எழுதிய குறிகளும் விளக்கங்களும் மட்டுமே நம்முடையவை.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் குறிகளெல்லாம் போய்விடுகின்றனவே?

ஆம். தாளைப் படமெடுத்து அனுப்பினால் கோப்பின் பெயரும் போகும், உள்ளே இருந்த விவரமும் போகும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் பெயராவது தங்கும். அதைவிட உறுதியான வழி, தாளின் அடியில் சிறிய எழுத்தில் அந்தக் குறியீட்டை அச்சிடுவது: 'கணி-2016-07-8.1, மதிப்பிடுகிறது'. போட்டோக்கொப்பி எடுத்தாலும், படமெடுத்தாலும், கசங்கிப் பையில் கிடந்தாலும் அந்த வரி கூடவே போகும். பல வருடம் கழித்து யாரோ ஒருவர் கையில் அந்தத் தாள் கிடைத்தாலும் எங்கே வைக்க வேண்டுமென்று தெரியும்.

எந்த மாதத்துக்குரியது என்று போடலாமா?

வேண்டாம், தவணையைப் போடுங்கள். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்போடு சேர்ந்து வருவதால், ஏறாவூரில் நடக்கும் தவணையும் செங்கலடியில் நடக்கும் தவணையும் ஒரே திகதியில் தொடங்கி முடிவதில்லை.

பிள்ளைகள் செய்த வேலையை மாதிரியாகச் சேர்க்கலாமா?

சேருங்கள், மிகவும் பிரயோசனம். பெயர், பாடசாலை, சுட்டெண் மூன்றையும் மறைத்த பிறகு.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தாளைக் கொடுத்துக் குறிக்கச் சொல்லலாமா?

முதல் வரைவுக்கு உதவும். தாளில் என்ன கேட்கப்படுகிறது என்று நன்றாகவே சொல்லும். ஆனால் தேர்ச்சி இலக்கத்தை நம்பிக்கையோடு தவறாகச் சொல்லக்கூடும். நம் வழிகாட்டியின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் நிலைமை மேம்படும். கடைசியில் வழிகாட்டியைத் திறந்து பார்ப்பது உங்கள் வேலை.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே தாளுக்கு இரண்டு இலக்கம் சொன்னால்?

அது நல்ல விஷயம், ஒளிக்க வேண்டாம். இருவரும் கற்றற்பேறுகளை ஒன்றாக வாசியுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் தீரும். தீராவிட்டால் வலயத்தின் ஆசிரிய ஆலோசகரிடம் கேளுங்கள். இப்படியான ஒரு பேச்சில்தான் என் வயல் தாளுக்கு 7ஐயும் சேர்க்க வேண்டும் என்று ஒரு டீச்சர் எனக்குப் புரியவைத்தார்.

என்னிடம் பத்து வருடத் தாள்கள் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

பழையதை விட்டுவிடுங்கள். போன வாரம் வகுப்பில் கொடுத்த ஒரு தாளை எடுங்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று இன்னும் நினைவிருக்கும். அந்தத் தரத்துக்குரிய வழிகாட்டியைத் திறந்து ஒரு தேர்ச்சி மட்டம், ஓர் உறவு, பாடத்திட்ட ஆண்டு, மூன்றையும் தாளின் அடியில் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் ஏனென்றால், அதே தாளை அடுத்த வகுப்புக்குக் கொடுத்த பிறகு அந்த இலக்கத்தை ஒரு முறை மாற்ற வேண்டிவரும்.